கதவு இடுக்கை முதலில் பாருங்கள், எஞ்சினை அப்புறம் பார்க்கலாம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன், ஏனென்றால் இதே கேள்வியோடு இன்னும் சிலர் இருப்பார்கள். இங்கிலாந்தில் வேலை பார்க்கிறீர்கள். வாடகைக்கு ஒரு கராஜ் கிடைத்திருக்கிறது. 1971-ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர் (கூரையில்லாத பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்) ஒன்று விலைக்கு வந்திருக்கிறது, பதினைந்து வருடமாக மூடிக் கிடந்த வண்டி. "நிறுத்தும்போது ஓடிக்கொண்டுதான் இருந்தது, எஞ்சின் சுற்றுகிறது, மேலோட்டமான துருதான்" என்கிறார் விற்பவர். சீட்டும் உள் அலங்காரமும் கழற்றப்பட்டுப் பெட்டிகளில் இருக்கின்றன. உங்களுக்கு வெல்டிங் தெரியாது, கற்றுக்கொள்ளத் தயார். இதை வாங்கலாமா, முதல் வண்டிக்கு வேறு மாடல் பார்க்கலாமா?

முதலில் பணத்தைப் பேசி முடித்துவிடலாம். லாபம் பார்க்கலாம் என்று இதில் இறங்காதீர்கள். எம்ஜிபி மாதிரி ஒரு வண்டியைத் தகரத்திலிருந்து முழுதாக எழுப்பினால், கடைசியில் அது விலைபோகும் தொகையைவிடச் செலவு அதிகமாகத்தான் நிற்கும். உங்கள் உழைப்புக்குக் கூலி போடாமலே இந்தக் கணக்கு. வேறொருவர் நான்கைந்து வருடம் பாடுபட்டு முடித்து, அலுத்துப்போய் விற்கும் வண்டியை வாங்குவதுதான் எப்போதும் மலிவு. அவர் போட்ட பணத்தில் ஒரு பகுதி உங்களுக்கு இனாம். ஓட்டுவதுதான் ஆசை என்றால் அப்படி ஒன்றை வாங்கி வரும் ஞாயிற்றுக்கிழமையே ஓட்டுங்கள். ராத்திரி எட்டு மணிக்குக் குளிர்ந்த கராஜில் வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்து, முகத்தில் துரு உதிர உதிர ஒரு போல்ட்டோடு மல்லுக்கட்டுவதில் ஏதோ ஒரு சுகம் இருக்கிறது என்று நினைப்பவர்களுக்குத்தான் மீதி பதில்.

சரி, வண்டிக்கு வருவோம். "எஞ்சின் சுற்றுகிறது" என்ற தகவலை நான் பட்டியலின் கடைசியில்தான் வைப்பேன். எம்ஜிபி 1962-இல் வந்தது. 1980-இல் எம்ஜி நிறுவனத்தின் ஆபிங்டன் தொழிற்சாலையை மூடும்வரை, கூரை வைத்த ஜிடி மாடலையும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அதில் இருக்கும் 1798 சிசி பி-சீரிஸ் எஞ்சின் எளிமையானது, கனமானது, முரட்டுத்தனமானது. பிஸ்டன், பேரிங், வால்வு, கேஸ்கெட் என்று எதைக் கேட்டாலும் இன்றும் புதிதாகக் கிடைக்கிறது. அந்த எஞ்சின் நாளைக்கே உடைந்து இரண்டானாலும் உங்கள் திட்டம் சாகாது, ஓரிரு மாதச் சம்பளத்தைக் கடித்துவிட்டுப் போகும், அவ்வளவுதான். திட்டத்தைக் கொல்வது தகரம். இப்படி ஒரு பழைய வண்டியை வாங்கும்போது நீங்கள் உண்மையில் வாங்குவது ஒரு தகரக் கூட்டை. மற்றதெல்லாம் அதில் மாட்டப்பட்டிருக்கும் உபரி.

எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, உடம்பேதான் சேஸிஸ். கூரை உள்ள காரில் வளைவைத் தாங்குவதில் கூரைக்கும் ஒரு பங்கு உண்டு. ரோட்ஸ்டருக்கு அந்த உதவி இல்லை. முன்பாதியையும் பின்பாதியையும் பிடித்து வைத்திருப்பது நடுவில் ஓடும் கியர்பாக்ஸ் குகையும், கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் இரண்டு பெட்டித் தகடுகளும்தான். இந்தப் பெட்டிகளைத்தான் 'சில்' என்பார்கள். வெளியே நாம் பார்ப்பது ஒரு தகடு. அதற்குள் செங்குத்தாக ஒரு தடுப்பு, அதற்கும் உள்ளே இன்னொரு தகடு, அடியில் 'காஸில் ரெயில்' என்று ஒரு பட்டை. இத்தனை அடுக்கும் சேர்ந்துதான் பலம்.

இப்போது பிரிட்டன் குளிர்காலத்தை நினைத்துப் பாருங்கள். சாலையில் உப்பு கொட்டுகிறார்கள். முன் சக்கரம் உப்புச் சேற்றை வாரி மெட்கார்டுக்குப் பின்பக்கம் அடிக்கிறது. அங்கே ஒரு தடுப்புத் தகடும் ஓரத்தில் ரப்பரும் உண்டு. ரப்பர் சில வருடத்தில் காய்ந்துவிடும், சேறு உள்ளே போய்ச் சில்லின் முனையில் தங்கும், ஈரம் காயாது. ஆக, துரு உள்ளிருந்து வெளியே வருகிறது. வெளியே பெயின்ட்டில் ஒரு கொப்புளம் தெரிகிறது என்றால் உள்ளே வேலை எப்போதோ முடிந்துவிட்டது என்று அர்த்தம். எனவே "மேலோட்டமான துரு" என்று ஒருவர் சொன்னால் அவர் பொய் சொல்வதாக நான் நினைப்பதில்லை. அவர் மேலோட்டமாகப் பார்த்திருக்கிறார்.

நேரில் போனதும் பானெட்டைத் திறக்காதீர்கள். விற்பவர் ஆவலோடு திறந்து காட்டுவார், அப்போதும் தலையாட்டிவிட்டுக் கதவுப் பக்கம் வாருங்கள். கதவை மூடி வைத்து அதைச் சுற்றியுள்ள இடுக்கைப் பாருங்கள். மேலிருந்து கீழ்வரை ஏறக்குறைய ஒரே அளவில் இருக்க வேண்டும். வண்டி நடுவில் தொய்ந்திருந்தால் கதவின் பின்விளிம்பில் மேல் இடுக்கு நெருங்கி, கீழ் இடுக்கு விரிந்திருக்கும். அடுத்து, கதவைத் திறந்து பின்முனையைப் பிடித்து மேலே தூக்குங்கள். கீல் மட்டும் தேய்ந்திருந்தால் ஆட்டம் கீலில் தெரியும், அது சின்ன வேலை. கீல் உறுதியாக இருந்தும் கதவு தாழ்ந்திருந்தால் தாழ்ந்தது கதவு இல்லை, வண்டி.

அனுமதி கேட்டு ஜாக்கி வைத்துத் தூக்கிப் பாருங்கள். தூக்கிய நிலையில் கதவு முன்பு மாதிரியே திறந்து மூட வேண்டும். சிக்கினாலோ, தூக்கும்போது நொறுங்கும் சத்தம் கேட்டாலோ, ஜாக்கியை மெதுவாக இறக்கிவிட்டு நன்றி சொல்லலாம். அல்லது விலையை வெகுவாகக் குறைத்துப் பேசலாம். இரண்டில் எது என்பது உங்கள் துணிச்சலைப் பொறுத்தது.

அப்புறம் காந்தம். பலமான காந்தம் வேண்டாம், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் சாதாரணக் காந்தம் போதும், ஒரு மெல்லிய துணியில் சுற்றிக்கொள்ளுங்கள். சில்லின் முழு நீளம், மெட்கார்டுகளின் கீழ்ப்பகுதி, பின் சக்கர வளைவு, கதவின் அடிப்பகுதி எல்லாவற்றிலும் நகர்த்துங்கள். தகரத்தில் ஒட்டும், பட்டியில் நழுவும். பட்டி இருப்பதே குற்றமில்லை, நல்ல பெயின்டரும் மெல்லியதாகப் பட்டி பார்ப்பார். விரல் தடிமனுக்குப் பட்டி இருந்தால்தான் அது பூசி மெழுகிய வேலை. கூடவே தட்டிக் கேளுங்கள். சந்தையில் பானையைச் சுண்டிப் பார்த்து வாங்குவதுபோலத்தான். நல்ல தகரம் கணீரென்று பேசும், பட்டி மொத்தையாக முனகும்.

எம்ஜிபிக்கே உரிய ஒரு ஏமாற்று வேலை இருக்கிறது. அழுகிய சில்லை வெட்டாமல் அதன் மேலேயே புதுத் தகடு ஒன்றைப் போர்த்தி வெல்டிங் வைத்துவிடுவார்கள். முறையாகச் சில் மாற்ற வேண்டுமானால் முன் மெட்கார்டைக் கழற்ற வேண்டும், பின் மெட்கார்டின் கீழ்த் துண்டை வெட்ட வேண்டும். அந்தச் சிரமத்துக்குச் சோம்பல்பட்டுச் செய்வது இது. வெளியே பளபளவென்று நேராக இருக்கும், உள்ளே சருகு. கதவைத் திறந்து, கம்பளம் இன்னும் இருந்தால் தூக்கி, உள்பக்கச் சில் தகடும் தரையும் சேரும் கோட்டைப் பாருங்கள். அடியில் படுத்து டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு மேல் தகடாக விளிம்புகள் தெரிந்தால், நீங்கள் புதிதாகச் செய்ய வேண்டிய வேலையோடு பழைய வேலையைப் பிரிக்கும் வேலையும் சேர்கிறது.

இன்னும் மூன்று இடங்கள். சீட்டுக்குப் பின்னால் தட்டில் ஒரு மூடி இருக்கும், 1971 வண்டியில் அதற்குக் கீழே இரண்டு 6 வோல்ட் பேட்டரிகள் உட்காரும் பெட்டிகள். அமிலமும் தண்ணீரும் சேர்ந்து அவற்றை அரித்திருக்கும், மூடியைத் தூக்கினால் கராஜ் தரை தெரியக்கூடும். பின் ஸ்பிரிங் மாட்டும் இடங்களைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கதவின் மேல்விளிம்பில், முன்பக்க முக்கோணக் கண்ணாடி முடியும் இடத்துக்குக் கீழே, தகரத்தில் ஒரு விரிசல் விழும். அது வடிவமைப்பிலேயே உள்ள குறை, அதைப் பார்த்து ஓடிவிட வேண்டாம்.

இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் என் முதல் எம்ஜிபி. எஞ்சின் சத்தத்தில் மயங்கி வாங்கியவன் நான். சில் அழுகியிருந்தது தெரிந்ததும், 'தகரம்தானே' என்று ஒரு சனிக்கிழமை மதியம் இடது, வலது இரண்டையும் ஒரே நாளில் வெட்டி எடுத்தேன். கதவுகள் இடைஞ்சலாக இருக்கும் என்று முன்பே கழற்றிச் சுவரில் சாய்த்திருந்தேன். வண்டி நான்கு மூலைகளில் ஸ்டாண்டு மேல் நின்றது. அடுத்த நான்கு வாரம் புதுத் தகடுகளை அழகாக வெல்டிங் வைத்து, தேய்த்து, பிரைமர் அடித்து, கதவை எடுத்து மாட்டினேன். மூடவில்லை. வெட்டிய நேரத்தில் கூடு மெல்ல நடுவில் தொய்ந்திருக்கிறது, வாழைப்பழம் மாதிரி, ஒரு விரற்கடை அளவுக்கு. அந்த வளைவையே வெல்டிங் வைத்து நிரந்தரமாக்கியிருந்தேன். எல்லாவற்றையும் மறுபடி வெட்டினேன்.

வெட்டுவதற்கு முன் கதவு வாசலுக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும். ஒரு பக்கத்தை முடித்த பிறகுதான் அடுத்த பக்கம். கூட்டைச் சமமாகத் தாங்கி நிறுத்தி, கதவை மாட்டி மாட்டி இடுக்கைச் சரிபார்த்துக்கொண்டே வைக்க வேண்டும். வெல்டிங்கை மாலை வகுப்பில் கற்றுக்கொள்ளலாம், பழைய பானெட் துண்டுகளில் பழகலாம். மிக் வெல்டிங் கைக்கு வர ஒரு குளிர்காலம் போதும். இந்த ஒழுங்கு வரத்தான் எனக்கு இரண்டாவது வண்டி தேவைப்பட்டது.

கூடு ரொம்ப மோசம் என்றால் புதுக் கூடே வாங்கலாமே என்று யாராவது சொல்வார்கள். உண்மைதான். பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் என்ற நிறுவனம் பழைய அச்சு இயந்திரங்களைத் தேடிச் சேர்த்து, 1988 முதல் எம்ஜிபிக்கு முழுப் புதுக் கூடு தயாரிக்கிறது. வேறு எந்தப் பழைய வண்டிக்காரரும் பொறாமைப்படும் வசதி இது. ஆனால் அதன் விலை, ஓட்டும் நிலையில் உள்ள ஒரு சுமாரான எம்ஜிபியின் விலைக்குக் குறையாது. அதற்குப் பிறகு பெயின்ட், பிறகு மற்றதெல்லாம். உணர்ச்சிபூர்வமான காரணம் இருந்தால் செய்யுங்கள். அப்பா ஓட்டிய வண்டி என்றால் எனக்குப் புரியும்.

இனி மற்ற மாடல்கள். ட்ரையம்ப் ஸ்பிட்ஃபயர் முதல் வண்டிக்கு உண்மையிலேயே நல்ல தேர்வு. 1962 முதல் 1980 வரை வந்தது. மெட்கார்டும் பானெட்டும் ஒரே துண்டாக முன்பக்கமாகக் கவிழும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்சின் வேலை பார்க்கலாம். அந்த ஒரு சௌகரியத்துக்காகவே எனக்கு அதன் மேல் ஒரு பிரியம் உண்டு. தனி சேஸிஸ் இருந்தாலும் ஏமாற வேண்டாம், அதிலும் சில்கள் சுமை தாங்குபவைதான். இரண்டு சோதனைகள் கட்டாயம். ஒருவரைக் கிளட்சை மிதிக்கச் சொல்லிவிட்டு எஞ்சினின் முன் கப்பியைக் கவனியுங்கள். அது கண்ணுக்குத் தெரியும்படி முன்னும் பின்னும் நகர்ந்தால் கிராங்க் தண்டு அப்படி நகராமல் தடுக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்துவிட்டது அல்லது விழுந்தே விட்டது. கவனிக்காமல் விட்டால் எஞ்சின் பிளாக்கையே தின்றுவிடும். இரண்டாவது, முன் சக்கரம் திரும்பும் அடிமூட்டு. 'ட்ரன்னியன்' என்ற அந்தப் பித்தளைத் துண்டுக்குக் கிரீஸ் கூடாது, இபி90 கியர் ஆயில்தான் போட வேண்டும். கிரீஸ் அடித்து அடித்து உள்ளே காய்ந்து, மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் கழன்று படுத்துவிடும். பெரும்பாலும் பார்க்கிங்கில் திருப்பும்போதுதான் நடக்கும், அது அந்த வண்டியின் பெருந்தன்மை.

எம்ஜி மிட்ஜெட் இன்னும் சிறியது, எல்லாவற்றிலும் செலவு குறைவு. நீங்கள் ஆறடி என்றால் முதலில் உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதித்துப் பாருங்கள், மற்றதெல்லாம் பிறகு. ட்ரையம்ப் டிஆர்6 ஆறு சிலிண்டர், இரண்டரை லிட்டர், கேட்கவே அருமையான சத்தம். பின்புறம் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல் தொங்கும் தாங்கிகளும் அவற்றைச் சுற்றிய சேஸிஸும் விரிசல் விடும், அழுகும். பிரிட்டனில் விற்ற வண்டிகளில் லூகாஸ் பெட்ரோல் இன்ஜெக்ஷன், அது தெரிந்தவர் கையில் தேன், தெரியாதவர் கையில் நெருப்புப் பெட்டி. இரண்டாவது வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஜாகுவார் இ-டைப்? 1961-இல் ஜெனீவாவில் அறிமுகமான நாளிலிருந்து எல்லாருக்கும் கனவுதான். முன்பக்க எஞ்சினைத் தாங்குவது மெல்லிய சதுரக் குழாய்களால் ஆன சட்டம், அது உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்கும். பின் பிரேக் டிஸ்க்குகள் சக்கரத்தில் இல்லை, நடுவில் டிஃபரன்ஷியலை ஒட்டி இருக்கின்றன. ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் பின்பக்க அமைப்பையே மொத்தமாகக் கீழே இறக்க வேண்டியிருக்கும். முதல் வண்டிக்கு ஆழம் தெரியாமல் காலை விடும் வேலை. லோட்டஸ் ஈலான் உடம்பு ஃபைபர்கிளாஸ், துருப்பிடிக்காது. அந்த நிம்மதியில் உள்ளே இருக்கும் இரும்பு முதுகெலும்பைப் பார்க்க மறந்துவிடுவார்கள். ட்ரையம்ப் ஸ்டேக் வி8 எஞ்சின் சூடாகிப் படுத்துவதற்குப் பேர்போனது. எம்ஜிபிக்கு நான் சொன்ன 'எஞ்சின் கடைசி' என்ற விதி அதற்குப் பொருந்தாது.

உங்கள் எம்ஜிபிக்கே திரும்பலாம். இயந்திரப் பகுதியைச் சுருக்கமாக முடித்துவிடுகிறேன். பதினைந்து வருடம் நின்ற வண்டியில் பிரேக் சிலிண்டர்கள், ரப்பர் குழாய்கள், டயர்கள், பெட்ரோல் டேங்க் எல்லாம் போய்விட்டன என்றே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்துப் பிழைத்தது வரவு. கிளட்ச் தட்டு ஒட்டிக்கொண்டிருக்கலாம், இந்த வண்டியில் கிளட்ச் மாற்ற எஞ்சினையே வெளியே எடுக்க வேண்டும். எப்படியும் எடுக்கத்தான் போகிறீர்கள். ஓவர்டிரைவ் (வேகமாக ஓடும்போது எஞ்சினை மெதுவாகச் சுழலவிடும் கூடுதல் கியர்) இருக்கிறதா என்று கேளுங்கள், அந்தக் காலத்தில் அது கூடுதல் பணம் கொடுத்து வாங்கும் அம்சம். இன்றைய நெடுஞ்சாலையில் அதன் அருமை தெரியும். கம்பிச் சக்கரமாக இருந்தால் ஒவ்வொரு கம்பியையும் ஸ்பேனரால் லேசாகத் தட்டுங்கள், வீணை நரம்பு மாதிரி ஒலிக்க வேண்டும். தொளதொளவென்று சத்தம் வந்தால் தளர்ந்த கம்பி. 2000-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் பிரிட்டனில் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நின்றது. பழைய எஞ்சினில் வால்வு உட்காரும் இடத்தைத் தேயாமல் காத்தது அந்த ஈயம்தான், எனவே சிலிண்டர் ஹெட்டில் கடினமான வால்வு சீட் பொருத்தப்பட்டிருக்கிறதா என்று விசாரியுங்கள். 2021 முதல் சாதாரண பம்பில் வருவது 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10, பழைய ரப்பர் குழாய்களுக்கு அது ஆகாது. குழாய்களை மாற்றிவிட்டு சூப்பர் இ5 போடுங்கள்.

மின்சாரம் பற்றிப் பயமுறுத்துவார்கள். இந்த வண்டிகளின் மின் பாகங்களைச் செய்த லூகாஸ் நிறுவனத்துக்கு 'இருளின் இளவரசன்' என்று பட்டப்பெயரே உண்டு. ஆங்கிலேயர் பீரை வெதுவெதுப்பாகக் குடிப்பது ஏனென்றால் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியும் லூகாஸ் செய்தது என்ற ஜோக்கை உங்களுக்கு மாதம் ஒருமுறை யாராவது சொல்வார்கள், முதல்முறை கேட்பதுபோல் சிரித்து வையுங்கள். என் அனுபவத்தில் லூகாஸ் மேல் பழி போடுவது பெரும்பாலும் அநியாயம். ஐம்பது வருடம் பழைய இணைப்புக் குமிழ்களில் பச்சைக் களிம்பு, எர்த் போல்ட்டுக்கு அடியில் துரு, நடுவில் யாரோ பொறுமையில்லாமல் நீல டேப் சுற்றிச் சேர்த்த வயர். இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வயர் நிறங்களுக்கு ஒரு இலக்கணம் இருக்கிறது. பழுப்பு நிறம் பேட்டரியிலிருந்து நேராக எப்போதும் உயிரோடு இருப்பது. வெள்ளை, சாவி திருப்பினால் வருவது. பச்சை, அதே சாவி மின்சாரம் ஃபியூஸ் வழியாக வந்தது. ஊதா, ஃபியூஸ் வழியாக எப்போதும் இருப்பது. நீலம் முன் விளக்கு, சிவப்பு பக்க விளக்கு, கறுப்பு எர்த். இதை மனப்பாடம் செய்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

ஸ்பேனர் விஷயம். வீட்டில் இருக்கும் மில்லிமீட்டர் ஸ்பேனர்களை இந்த வண்டிப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், போல்ட் தலையை உருட்டிவிடும். அங்குல அளவு ஸ்பேனர்கள் வாங்குங்கள். கார்புரேட்டரிலும் சின்ன மின் பாகங்களிலும் வேறு பழைய மரை வகைகள் ஒளிந்திருக்கும், ஒரு போல்ட் ஏறவில்லை என்றால் பலம் போடாமல் நிறுத்துங்கள். இதற்கே அலுத்துக்கொள்கிறவர்களுக்கு 1940-களின் எம்ஜி டிசியைப் பற்றிச் சொல்வேன். அதன் எஞ்சினில் மரை மெட்ரிக், போல்ட் தலை மட்டும் விட்வொர்த் என்ற பழைய பிரிட்டிஷ் அளவு. எஞ்சின் செய்த கவென்ட்ரி தொழிற்சாலை முன்பு ஹாட்ச்கிஸ் என்ற பிரெஞ்சு நிறுவனத்துடையது, இயந்திரங்கள் மில்லிமீட்டரில் மரை வெட்டின. ஸ்பேனர்களோ இங்கிலாந்து மெக்கானிக்குகளுடையவை. இரண்டையும் சமாதானப்படுத்த அப்படி ஒரு ஏற்பாடு.

காகிதம். விற்பவரிடம் வி5சி பதிவுப் புத்தகம் இருக்கிறதா, அதில் உள்ள சேஸிஸ் எண் வண்டித் தகட்டில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று எழுத்து எழுத்தாகப் பாருங்கள். ரோட்ஸ்டர் என்றால் எண் ஜிஹெச்என் என்று தொடங்கும், ஜிஹெச்டி என்றால் அது கூரை வைத்த ஜிடிக்கு உரியது. வி5சி உரிமைப் பத்திரம் ஆகாது, அதை அந்தக் காகிதமே சொல்கிறது. எனவே பழைய ரசீது, விற்பனைக் கடிதம் எதுவாக இருந்தாலும் கேட்டு வாங்குங்கள். நாற்பது வருடம் கடந்த வண்டி, அடிப்படை மாற்றங்கள் செய்யாமல் இருந்தால், சாலை வரியும் இல்லை, எம்ஓடி என்ற வருடாந்தர வண்டித் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. வண்டி முடிந்ததும் நீங்களாகவே ஒரு எம்ஓடிக்குக் கொண்டுபோங்கள். நீங்கள் இறுக்க மறந்த போல்ட்டை இன்னொரு ஜோடிக் கண் பார்ப்பது நல்லது.

அந்த எம்ஓடியில் உங்களுக்கு இப்போதே ஒரு துருப்புச் சீட்டு இருக்கிறது. இந்த வண்டி கடைசியாக ஓடியது ஏறத்தாழ பதினைந்து வருடத்துக்கு முன். 2005-க்குப் பிந்தைய எம்ஓடி முடிவுகள் பெரும்பாலும் அரசின் இணையப் பதிவில் உண்டு. நம்பர் பிளேட் எண்ணைப் போட்டால் எந்த வருடம் எதற்காகத் தோற்றது, சோதித்தவர் என்ன எச்சரித்தார் என்பதெல்லாம் வரும். "இடது சில் அரிப்பு" என்று அன்றே எழுதியிருந்தால், அதற்குப் பிறகு யாரும் வெல்டிங் வைக்கவில்லை என்றால், மேலோட்டமான துரு எவ்வளவு ஆழம் போயிருக்கும் என்று நீங்களே கணக்குப் போடலாம். கிளம்பும் முன் இதைச் செய்யுங்கள், காசு செலவில்லை.

எனக்கு உண்மையில் உறுத்துவது அந்தப் பெட்டிகள். பிரித்து வைத்த வண்டியில் துருவைவிடக் கொடுமையானது காணாமல் போன சாமான்கள். சீட் துணி புதிதாகக் கிடைக்கும், அதைப் பிடிக்கும் கிளிப்பும் கிடைக்கும். ஆனால் ஒவ்வொன்றும் ஐந்து பவுண்டு, எட்டு பவுண்டு, தபால் செலவு தனி, அப்படி இருநூறு சின்னச் சாமான். அதைவிட, நீங்கள் பிரிக்காத வண்டியை நீங்கள் சேர்க்கும்போது எது எங்கே போகும் என்று தெரியாது. பிரித்தவர் நினைவில் இருந்த படம் அவரோடு போய்விட்டது. எனவே பெட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து தரையில் பரப்பிப் பாருங்கள். மேல்கூடாரத்தின் இரும்புச் சட்டம், முன் கிரில், பம்பர்கள், அவற்றின் தாங்கிகள், கண்ணாடிச் சட்டம், டாஷ்போர்டு மீட்டர்கள், ஹீட்டர், இவை எல்லாம் இருக்கிறதா என்று ஒரு காகிதத்தில் குறியுங்கள். பளபளக்கும் குரோம் சாமான்கள் முக்கியம். பழசை மறுபடி முலாம் பூசுவது விலை கூடிய வேலை, புதிதாகக் கிடைப்பவற்றில் சில சரியாகப் பொருந்துவதில்லை.

நேரமும் இடமும் பற்றி ஒன்று. பிரிக்க இரண்டு வாரக்கடைசி போதும், அது போதை மாதிரி இருக்கும். சேர்க்க நான்கு வருடம் ஆகும். பிரித்த கார் மூன்று காரின் இடத்தைப் பிடிக்கும். நாட்டில் பாதியில் நிற்கும் வண்டிகளில் பெரும்பாலானவை பணமில்லாமல் நின்றவை அல்ல. முழுவதும் பிரித்துப்போட்டு, நகர்த்தக்கூட முடியாத நிலையில், ஒருநாள் கராஜ் கதவைத் திறக்கவே மனம் வராமல் நின்றவை. அதனால் வண்டியைச் சக்கரத்தின் மேலேயே வைத்து, ஒரு பகுதியைப் பிரித்து, முடித்து, மாட்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு போல்ட்டையும் பையில் போட்டுப் பெயர் எழுதி, கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். "இதெல்லாம் மறக்குமா" என்று தோன்றும் இடத்தில் இரண்டு படம் எடுங்கள். வாடகைக் கராஜ் என்றீர்கள், அங்கே மின்சாரம் இருக்கிறதா, வெல்டிங் செய்ய உரிமையாளர் சம்மதிப்பாரா என்று வண்டி வாங்கும் முன் கேளுங்கள்.

ஆக, வாங்கலாமா? மாடல் சரியானது, குரோம் பம்பர் உள்ள 1971 எம்ஜிபியைவிட முதல் வேலைக்குத் தோதான வண்டி அதிகம் இல்லை. பகல் வெளிச்சத்தில், மழையில்லாத நாளில் போங்கள். காந்தம், டார்ச், திருப்புளி, படுக்க ஒரு பழைய பாய் எடுத்துப் போங்கள். கதவு இடுக்கு நேராக இருந்து, பட்டியலில் பெரும்பாலான சாமான்கள் இருந்து, வி5சி அவர் பெயரிலேயே இருந்தால், ஒரு நல்ல விலை சொல்லுங்கள். சில் மட்டும் போயிருந்து மற்றது நன்றாக இருந்தால் அதையும் வாங்கலாம், ஆனால் விலை சில் போன வண்டியின் விலையாக இருக்க வேண்டும். கதவு சிக்கி, பட்டியும் தகடு மேல் தகடுமாக இருந்தால் திரும்பிவிடுங்கள், இதே போல் இன்னொன்று வரும். செய்ததே ஐந்து லட்சம்.

வாங்கினால் அங்கேயே ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள், அவர் பேட்டரியோடு வந்து நின்றாலும். டிரெய்லரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்து, ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றிச் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு ஓரிரு நாள் ஊறவைத்து, கையால் சுற்றிப் பார்த்த பிறகு மற்றது. டிரெய்லர் கிளம்பும் முன் அவரைக் கராஜ் பரணை இன்னொரு முறை பார்க்கச் சொல்லுங்கள். கூடாரச் சட்டம் எப்போதும் அங்கேதான் இருக்கும்.